சுமை எது? காப்பு எது?



புதிய சட்டம் ஒன்று இயற்றப்படும்பொழுது அதனைப் பற்றிப் பலரும் பேசுவர். இருக்கின்ற சட்டம் ஒன்று நீக்கப்படும்பொழுது அதனைக் கவனிப்போர் சிலரே. ‘தேவையற்ற கட்டுப்பாடுகளைத் தளர்த்துகிறோம்’ என்னும் சொற்கள் செவிக்கு இனிமையாகவே ஒலிக்கின்றன. அவ்வாறு தளர்த்தும் அதிகாரம் யாரிடம் இருத்தல் வேண்டும், அவர் யாருக்குப் பதில் கூறுதல் வேண்டும் என்பனவற்றை இன்று நாம் சற்றே சிந்திப்போம்.

நம் தோட்ட வாழ்விலிருந்தே தொடங்குவோம். தொழிலாளர் குடியிருப்பு, ஆயாக் கொட்டகை, மருத்துவ வசதி ஆகியவை எத்தரத்தில் அமைதல் வேண்டும் என்பதற்காக 1990-ஆம் ஆண்டில் நம் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நிர்வாகத்தின் கணக்கேட்டில் ஆயாக் கொட்டகை ஒரு செலவு. விடியுமுன் கைக்குழந்தையை அங்கே விட்டுவிட்டுப் பால் வெட்டச் செல்லும் தாய்க்கோ அது மனநிம்மதி. விதி ஒன்றே, ஒருவருக்குச் சுமை, மற்றவருக்குக் காப்பு. ஆதலால், ‘சுமையைக் குறைக்கிறோம்’ என்று எவரேனும் கூறும்பொழுது, அது யாருடைய சுமை என்று கேட்பது நம் கடமையாகும்.

இதே கேள்வி 2006-ஆம் ஆண்டில் பிரிட்டனில் பெரும் விவாதமாக எழுந்தது. நம் பாராளுமன்றம் பிரிட்டிஷ் பாராளுமன்ற முறையைத் தழுவி அமைந்ததாகையால், அங்கு நிகழ்ந்தது நாமும் அறியத்தக்கதே.

வணிகத்தையும் தொழிலையும் நெருக்கும் சிவப்பு நாடாவை அகற்றுவதற்கென்று 1994-லும் 2001-லும் அங்கே சட்டங்கள் இயற்றப்பட்டிருந்தன. அவை போதாவென்று கருதிய அரசாங்கம், 2006 ஜனவரித் திங்களில் புதிய மசோதா ஒன்றைக் கொண்டுவந்தது. பாராளுமன்றம் இயற்றிய சட்டங்களை அமைச்சர் ஒருவர் தமது ஆணையாலேயே திருத்தவும் நீக்கவும் அது மிக விரிந்த அதிகாரம் அளித்தது. புதிய வரி விதித்தலாகாது என்பது போன்ற சில வரம்புகள் இருந்தன; ஆயினும் அவை போதுமானவையல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர்கள் அறுவர் பத்திரிகை வாயிலாக எச்சரிக்கை விடுத்தனர். குறைகூறியோர் அதற்குப் ‘பாராளுமன்ற ஒழிப்பு மசோதா’ என்றே பெயர் சூட்டினர்.

அந்நாட்டு மக்களுக்கு இவ்வச்சம் புதிதன்று. 1539-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் பிரகடனங்களுக்குச் சட்டத்தின் வலிமையை வழங்கப் பாராளுமன்றமே இசைந்தது. அவர் மறைந்த 1547-ஆம் ஆண்டிலேயே அச்சட்டம் நீக்கப்பட்டது. எனினும், சட்டத்தை ஆணையால் மாற்ற இடமளிக்கும் பிரிவுகளுக்கு இன்றளவும் அம்மன்னரின் பெயரே வழங்கி வருகிறது.

எதிர்ப்பு வலுக்கவே மசோதா திருத்தப்பட்டு, 2006 நவம்பரில் சட்டமாயிற்று. சுமையைக் குறைப்பது முதலான வரையறுத்த நோக்கங்களுக்கே ஆணை பிறப்பிக்கலாம். தேவையான எந்தப் பாதுகாப்பையும் அவ்வாணை அகற்றுதல் ஆகாது. பாதிக்கப்படுவோரின் கருத்தை முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும் என்றெல்லாம் அதில் விதிக்கப்பட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எந்தப் பாதுகாப்பு தேவையானது என்பதை முதலில் முடிவு செய்பவரும் அதே அமைச்சர்தாம். ஆகவேதான் மற்றொரு தடையும் சேர்க்கப்பட்டது. பாராளுமன்றக் குழு ஓர் ஆணையை மறுத்துவிட்டால், சபையே அம்மறுப்பைத் தள்ளினாலன்றி அவ்வாணை மேற்செல்ல இயலாது. இறுதிச் சொல் மக்கள் பிரதிநிதிகளிடம் திரும்பியது.

இதனால் அமைச்சரின் ஆணைகள் யாவும் தீயவை என்று நாம் கூறவில்லை. ஒவ்வொரு சிறு விவரத்தையும் பாராளுமன்றமே வகுத்துக்கொண்டிருத்தல் இயலாது. நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். 2011-ஆம் ஆண்டின் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் தொகை எதனையும் குறிக்கவில்லை. தொழிலாளர், முதலாளிமார், அரசாங்கம் ஆகிய தரப்பினர் அமர்ந்த மன்றம் ஆராய்ந்து பரிந்துரைத்தல் வேண்டும். அரசாங்கம் அதனை ஏற்ற பின்னர், அமைச்சர் கெசட்டில் ஆணை வெளியிடுதல் வேண்டும் என்று அது வழிவகுத்தது. அவ்வழியே தீபகற்ப மலேசியாவில் 2013 ஜனவரியில் மாதம் 900 வெள்ளியாகத் தொடங்கிய தொகை, 2022 மே மாதத்தில் 1,500 வெள்ளியாகவும் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாகவும் உயர்ந்தது. அதிகாரம் இங்கே அமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் எல்லையும் வழியும் பாராளுமன்றம் வகுத்தவை.

தளர்த்துதலும் எப்பொழுதும் தீதன்று. ஒரே விவரத்தை மூன்று பாரங்களில் எழுதச் சொல்லும் விதி ஒழிந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் குடிநீரையும் கூரையையும் குழந்தையின் நலனையும் காக்கும் விதி அத்தகையதன்று. அதனை இயற்றும்பொழுது சபையில் எவ்வாறு வெளிப்படையாக விவாதித்தார்களோ, அவ்வாறே அதனை நீக்கும்பொழுதும் விவாதித்தல் வேண்டும். சபையில் எழுந்து பேசிய உறுப்பினரை நாம் தேர்தலில் கேள்வி கேட்கலாம். ஒருவரும் அறியாமல் ஓர் அறைக்குள் இடப்பட்ட கையொப்பத்தை யாரிடம் போய்க் கேட்பது?

ஆகவே, நம்மைத் தொடும் விதி ஒன்று மாறப்போகிறது என்று கேள்வியுற்றால், நாம் மூன்று வினாக்களை எழுப்புவோம். மாற்றும் அதிகாரத்தை எந்தச் சட்டம் கொடுத்தது? பாதிக்கப்படுவோரிடம் கருத்துக் கேட்கப்பட்டதா? பாராளுமன்றம் அதனை மறுக்க வழியுண்டா? இவற்றைத் தொழிற்சங்கக் கூட்டத்தில் கேட்போம். நம் தொகுதி உறுப்பினரிடமும் கேட்போம்.

கோட்டுக்கு ஒரு நாள் கத்தி தவறினால் பட்டையில் விழுந்த காயம் ஆறப் பல காலம் பிடிக்கும் என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? சட்டத்தின்மீது வைக்கும் கத்தியும் அத்தகையதே. அதனைப் பிடிக்கும் கை, மக்களுக்குப் பதில் சொல்லும் கையாக இருத்தல் வேண்டும்.