பெண்கள் பள்ளி மீண்டும் திறந்தபோது
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

    

நாடகமும் நாட்டியமும் திரைக்குப் பின்னே காத்திருக்க, இடையே ஆசிரியைகளாகிய எங்களைச் சில சொற்கள் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தார் ஒலிபெருக்கியின் முன் நின்றுவிட்டால் மணி அடித்தாலன்றி ஓயமாட்டார்கள் என்பது உலகறிந்த செய்தி. செயலாளர் அவர்கள் மணியைக் கையிலேயே வைத்திருக்கக் கண்டோம். ஆகவே அடக்கத்துடன் தொடங்குகிறோம்.

இக் கல்கத்தா மாநகரில், வங்காளப் பிள்ளைகளும் இந்தி பேசும் பிள்ளைகளும் நம் தமிழ்ப் பிள்ளைகள் சிலரும் கூடிப் பயிலும் பெண்கள் பள்ளி ஒன்றில் நாங்கள் பணியாற்றி வருகிறோம். நகரின் பெயரை 2001-இல் கொல்கத்தா என்று மாற்றிவிட்டார்கள். எனினும் லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கும் நம் நாவுக்கு இன்னும் பழைய பெயர்தான் பழக்கம். கொள்ளைநோய்க் காலத்தில் மூடிய பள்ளியை மீண்டும் திறந்து பெண்பிள்ளைகளை வரவேற்ற கதையைச் சொல்லுமாறு கேட்டிருக்கிறீர்கள்.

2020 மார்ச் 16, திங்கட்கிழமை முதல் மேற்கு வங்கத்துப் பள்ளிகள் மூடப்பட்டன. மாத இறுதி வரைதான் என்று முதலில் அறிவித்தார்கள். அது எப்படி நீண்டது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒன்பதாம் வகுப்பு முதற்கொண்டு மேல் வகுப்புகள் 2021 பிப்ரவரி 12-இல் திறந்தன. ஏப்ரலில் இரண்டாம் அலை எழவே மூடின. நவம்பர் 16-இல் மறுபடி திறந்து, 2022 ஜனவரி 3-இல் மறுபடி மூடின. பிப்ரவரி 3-இல் எட்டாம் வகுப்பும் அதற்கு மேற்பட்டவையும் திறந்தன. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கோ இந்த இடைத் திறப்புகளும் வாய்க்கவில்லை. அவர்கள் வகுப்பறையில் அடி வைத்தது 2022 பிப்ரவரி 16 அன்று. சரியாக இருபத்துமூன்று திங்கள்! 2020 ஜனவரியில் முதல் வகுப்பில் சேர்ந்து, இரண்டரைத் திங்கள் எழுத்துப் பயின்று வீடு சென்ற குழந்தை, திரும்பி வருகையில் மூன்றாம் வகுப்பு மாணவியாக வந்து நின்றாள்.

திறக்கும் நாள் குறித்தவுடன் கட்டடத்தைச் செம்மை செய்தோம். அதைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020 மே 20-ஆம் நாள் வீசிய அம்பன் புயலில் விழுந்த மரத்தின் அடிக்கட்டை முற்றத்திலேயே கிடந்தது. பலகைகளைக் கறையான் அரித்திருந்தது. நூலகத்தை எலிகள் எங்களைவிட ஊக்கமாகப் பயன்படுத்தியிருந்தன. தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவினோம். தேங்கிய நீரில் டெங்குக் கொசு பெருகும் நகரம் இது. கழிவறைத் தாழ்ப்பாள்களைப் புதுப்பித்தோம். இதனைச் சிறு வேலையென்று எண்ணாதீர்கள்; தாழ்ப்பாள் இல்லாத கழிவறை உள்ள பள்ளிக்குப் பதின்மூன்று வயதுப் பெண் வரமாட்டாள். தரையில் வட்டம் வரைந்தோம். முகக்கவசமும் கைகழுவும் நீரும் வாயிலில் வைத்தோம்.

இவ்வளவும் செய்து வாயிலையும் திறந்தோம். ஏறக்குறையப் பாதிப் பிள்ளைகளே வந்தார்கள்.

இவ்விடத்தில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல அனுமதி வேண்டுகிறோம். இந்நகரின் பெண்கள் பள்ளிகளுக்கு இந்த அனுபவம் புதிதன்று. 1849 மே 7-ஆம் நாள் பெத்தூன் துரை இங்கே பெண்கள் பள்ளியைத் தொடங்கியபோது சேர்ந்தவர் இருபத்தொருவர். தம் இரு புதல்வியரையும் துணிந்து அனுப்பிய மதன்மோகன் தர்க்காலங்காரரைச் சாதியார் ஒதுக்கி வைத்தனர். பெண் தெருவில் நடந்து வருவது வழக்கமில்லாத காலம். ஆகவே பள்ளியே வண்டி வைத்து வீட்டு வாசலுக்குச் சென்று பிள்ளைகளை ஏற்றி வந்தது. பெண்மகவையும் பேணி வளர்த்துக் கருத்தோடு கற்பிக்க வேண்டும் என்னும் பொருள்பட்ட வடமொழி வாக்கியத்தை அவ்வண்டியின் மேல் எழுதுவித்தவர் வித்தியாசாகரர். ஊர் வாயை அடைக்க அவர் கண்ட உபாயம் அது. அப்பள்ளியின் வழிவந்த கல்லூரியிலிருந்துதான் 1883-இல் காதம்பினியும் சந்திரமுகியும் பட்டம் பெற்று வெளிவந்தார்கள்.

மற்றொன்று, எங்கள் கதைக்கு இன்னும் நெருங்கியது. 1898-இல் இந்நகரில் பிளேக் நோய் தோன்றியது. அவ்வாண்டு நவம்பரில் சகோதரி நிவேதிதை பாக்பஜாரில் ஒரு சிறு வீட்டில் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார்; அன்னை சாரதாதேவியார் திறந்து வைத்து ஆசி கூறினார். மறு ஆண்டு நோய் மீண்டும் தலைகாட்டவே, நிவேதிதை தாமே துடைப்பம் எடுத்துச் சந்துகளைக் கூட்டினார். சேரிக் குடிசை ஒன்றில் நோயுற்ற குழந்தையை மடியில் வைத்துப் பணிவிடை செய்துகொண்டிருக்க அவரைக் கண்டதை டாக்டர் ராதா கோவிந்த கர் குறிப்பிட்டிருக்கிறார். பிள்ளை அனுப்பும்படி வீடு வீடாகச் சென்று கேட்டதும் அவர்தாம். 1899-இல் அவர் கடல் கடந்து செல்ல நேர்ந்தபோது பள்ளி நின்றது. 1902-இல் திரும்பி வந்து மீண்டும் தொடங்கினார். ஆக, கொள்ளைநோயும் மூடலும் மீண்டும் திறத்தலும் அந்தப் பள்ளியின் பிறப்போடு பிறந்தவை.

நிவேதிதையின் பெயரை இம்மன்றத்தில் சொன்னவுடன் உங்கள் உள்ளம் எங்கே செல்லும் என்பதை அறிவோம். நம் பாரதியார் அவரைக் கண்டு குருவாகக் கொண்டார். 1908-இல் வெளியிட்ட ஸ்வதேச கீதங்களை அவர் திருவடிக்கே காணிக்கையாக்கினார். "உம் மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை?" என்று நிவேதிதை கேட்டார் என்று அவ்வரலாறு வழங்கி வருகிறது. வராத பெண்ணைப்பற்றிக் கேட்கும் அந்தக் கேள்வி ஓர் ஆசிரியையின் கேள்வி. வந்தவர் தலையை எண்ணியதோடு ஆசிரியையின் கணக்கு முடிவதில்லை. வராதவள் எங்கே என்று கேட்க வேண்டும்.

அப்படியே நாங்களும் கேட்கத் தொடங்கினோம். பெயர்ப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, மாலை வேளைகளில் இருவர் இருவராகத் தெருக்களுக்குச் சென்றோம். ஒரு வகையில் முன்பே சிறிது தெரியும். மூடல் காலத்தில் மதிய உணவுக்குப் பதிலாக அரிசியும் உருளைக்கிழங்கும் கடலையும் பள்ளியிலிருந்து கொடுத்து வந்தோம். பிள்ளைகள் வரக் கூடாது. பெற்றோர்தாம் வந்து பெற்றுச் செல்லலாம். வரிசையில் நின்ற தாய்மாரிடம், "பெண் என்ன செய்கிறாள்?" என்று கேட்போம். "நலம், திதிமணி" என்பார்கள். இங்கே ஆசிரியையை அவ்வாறு அழைப்பது வழக்கம். சிலர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அரிசிப் பையைக் கட்டுவார்கள். அவர்கள் பெயருக்கு எதிரே நாங்கள் சிறு புள்ளி வைத்திருந்தோம்.

வீடுகளுக்குச் சென்றபோது கண்ட முதற் காரணம் எங்களைச் சிரிக்கவும் கலங்கவும் செய்தது. உடை! இரண்டு ஆண்டில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கவுன் அணிந்து வீடு சென்றவளுக்குப் பாவாடையும், பாவாடையோடு சென்றவளுக்குச் சேலையும் தேவையாயிற்று. எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முதல் சேலைதான் சீருடை. தந்தைக்கு வேலை போன வீட்டில் புதுச் சேலைக்கு எங்கே போவது? எனவே, எந்த உடையில் வந்தாலும் சரி, கேள்வி இல்லை என்று தெருத்தெருவாகச் சொன்னோம். பழைய மாணவியரிடமிருந்து சேலைகள் சேர்த்து ஓர் அலமாரி நிறைய வைத்தோம். கேட்க நாணுகிறவள் கேளாமலே எடுத்துக்கொள்ளும்படி அதைப் பூட்டாமல் வைத்தோம். ஒழுங்கு கெட்டுப்போகும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள், கெடவில்லை.

வேறு சில காரணங்கள் அலமாரியால் தீர்வன அல்ல. சில குடும்பங்கள் பீகாருக்கும் சுந்தரவனத்துக்கும் திரும்பிப் போயிருந்தன. சில பெண்கள் தாயோடு வீட்டு வேலைக்குச் சென்று கைக்காசு கண்டுவிட்டார்கள். வீட்டிலிருந்த ஒரே கைபேசி அண்ணன் தம்பியர் கையில் இருந்தது, பாடம் அதில்தான் வந்தது, ஆகவே இரண்டு ஆண்டும் பாடமே கேளாமல், "இனி வந்து என்ன புரியும்?" என்று அஞ்சி நின்றவர் பலர். அந்த இடைக்காலத்தில் பூப்பெய்திய பிள்ளைகள், தோழியரும் இன்றி, கேட்க ஓர் ஆசிரியையும் இன்றி, அச்சத்தோடு தனித்திருந்ததைப் பின்னர் மெல்ல மெல்லச் சொன்னார்கள்.

சிலருக்கு மணம் முடிந்திருந்தது. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. நம் மாநிலத்தில் இருபது முதல் இருபத்து நான்கு வயதுள்ள பெண்களில் 100-க்கு 41.6 பேர் பதினெட்டு வயதுக்கு முன்பே மணமானவர்கள் என்று 2019-21 ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. இந்தியா முழுமைக்கும் அது 23.3. பதினெட்டு வயதுவரை மணம் புரியாமல் படிப்பில் இருக்கும் பெண்ணுக்கு 25,000 ரூபாய் அளிக்கும் கன்யாஸ்ரீத் திட்டம் 2013 முதல் இங்கே நடந்துவருகிறது. நல்ல திட்டம், எத்தனையோ தந்தையரை அது தயங்க வைத்திருக்கிறது. ஆனால் தினமும் பள்ளிக்குப் போகிற பெண்ணைக் காணும்போதுதான் அந்தத் தயக்கம் நிலைக்கும். வீட்டில் அடைந்து கிடக்கும் பெண்ணைக் கண்டால் வரனைப்பற்றிய பேச்சு தானாகவே வருகிறது. மணமானவர்களுக்கும் பள்ளியில் இடம் உண்டு என்று சொல்லி வந்தோம். சிலர் நெற்றியில் குங்குமத்தோடு திரும்பி வந்தார்கள். அவர்களை வேறு பெண்கள் உற்றுப் பார்க்காதபடி முன்கூட்டியே பேசி வைத்தோம்.

இவ்விதமாக வந்தவர்களுக்கு இங்குள்ள காலமும் ஓர் உதவி செய்தது. நமக்குச் சரசுவதி பூசை நவராத்திரியில். வங்காளத்திலோ வசந்த பஞ்சமியில். அந்தப் பூசை முடியுமுன் பிள்ளைகள் இலந்தைப்பழம் உண்ணமாட்டார்கள். 2022-இல் அது பிப்ரவரி 5-இல் வந்தது. மேல் வகுப்புகள் திறந்த மூன்றாம் நாள். பாடம் தொடங்குமுன்னே கோலமிடவும் பழம் நறுக்கவும் வந்து சேருங்கள் என்று சொல்லியனுப்பினோம். பள்ளிக்கு வர அஞ்சியவர்களும் பூசைக்கு வர அஞ்சவில்லை. மஞ்சள் சேலை உடுத்து வந்த பிள்ளைகளை, முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களை மட்டும் கொண்டு, இன்னாரென்று எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. அவர்கள்தாம் பெயர் சொல்லிச் சிரித்தார்கள். அன்று வந்தவர்களில் பெரும்பாலோர் திங்கட்கிழமையும் வந்தார்கள். சிறு பிள்ளைகளுக்கு அந்தத் திங்கள் முதல், அதாவது பிப்ரவரி 7 முதல், திறந்த வெளிகளில் 'பாராய் சிக்ஷாலய்' என்னும் தெருப்பள்ளியை அரசினர் நடத்தினார்கள். மரத்தடியில் பாய் விரித்துப் பாடம்.

இனி, வந்தபின் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். பிரதம் நிறுவனத்தார் நாட்டின் கிராமப்புறங்களில் நடத்தும் 'அசர்' ஆய்வின் எண்களைப் பார்த்து நாங்கள் வியந்தோம். பதினொன்று முதல் பதினான்கு வயதுவரை உள்ள பெண்களில் எந்தப் பள்ளியிலும் பெயர் இல்லாதவர் 2018-இல் 100-க்கு 4.1, 2022-இல் 2 மட்டுமே. பதிவேட்டில் பெண்கள் குறையவில்லை, கூடியிருக்கிறார்கள்! ஆனால் அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்பில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடிய பிள்ளைகள் 2018-இல் 20.9 விழுக்காடாக இருந்து, 2022-இல் 16.3 ஆகக் குறைந்தனர். பெயர் பள்ளியில் இருந்தது, எழுத்து போய்விட்டது. மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படத்தைப் பார்த்துக் கதை சொன்ன குழந்தை எங்களிடமும் உண்டு. நல்ல கதைதான் சொன்னாள்!

இந்நிலையில், பாடத்திட்டத்தை ஓட்டமாக ஓட்டி முடிக்க வேண்டும் என்று பல இடங்களில் முனைந்தார்கள். அது பிழை என்பதே எங்கள் கருத்து. நாங்கள் காலையில் முதல் ஒரு மணி நேரம் வகுப்பு வேறுபாட்டை நீக்கி, எழுத்து அறியாதவர், சொல் வாசிப்பவர், வாக்கியம் வாசிப்பவர் என்று பிரித்து உட்காரவைத்துக் கற்பித்தோம். ஐந்தாம் வகுப்புப் பெண் இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குப் பக்கத்தில் அமர நாணாதபடி, பெரியவளைச் சிறியவளுக்குத் துணை என்று சொல்லி வைத்தோம். அவளும் கற்றாள்; இவளும் கற்றாள். அதே ஆய்வு 2024-இல் 23.4 விழுக்காடு என்று காட்டுகிறது. பழைய நிலையைக் கடந்தாயிற்று. ஆயினும் நூற்றுக்கு எழுபத்தாறு பேருக்கு மேல் இன்னும் வாசிக்கவில்லை என்பதையும் அந்த எண்ணே சொல்கிறது.

செயலாளர் அவர்கள் மணியைத் தூக்குகிறார். ஒரு விண்ணப்பத்தோடு முடித்துக்கொள்கிறோம். இச்சங்கத்தில் ஓய்வுபெற்ற பெரியோர்களும், பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டுச் சற்றே ஓய்ந்திருக்கும் தாய்மார்களும் பலர் இருக்கிறீர்கள். எங்களுக்குப் பணம் வேண்டா. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரு குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து அவள் வாசிப்பதைக் கேட்க வேண்டும். வங்காளத்திலோ இந்தியிலோ தமிழிலோ, உங்களுக்குத் தெரிந்த மொழியில். திருத்தக்கூட வேண்டா, கேட்டால் போதும். விருப்பமுள்ளவர்கள் பெயர் எழுத, வாயிலருகே மேசைமேல் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். எழுதுகோலும் அதனோடு கட்டியிருக்கிறது. சேலை கொடுக்க விரும்புகிறவர்கள் அடுத்த பக்கத்தில் எழுதலாம். அந்த அலமாரி இன்றும் பூட்டப்படவில்லை.