சிறுவனைக் கடைக்கு அனுப்பியவர் யார்?

(தலவாக்கலையில் தோட்டக் கமிட்டித் தலைவர்கள் மத்தியில் ஆற்றிய உரை)



இளைஞர் கெட்டுவிட்டனர் என்று எனக்கு முன் பேசியோர் வருந்தினர். கெட்டவரைப் பற்றிப் பேசுவது எளிது. கெடுத்தவர் யார்? வழக்கறிஞனாகிய நான் கேட்பது அதனையே.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயது நிறையாதவருக்குப் புகையிலைப் பொருளோ மதுவோ விற்கலாகாது என்கிறது. புகையிலை விளம்பரத்தையும் தடுக்கிறது. நல்ல சட்டமே. ஆனால் அந்தி நேரத்தில் லயத்துக் கடைவாசலில் நின்று பாருங்கள். பத்து வயதுச் சிறுவன் வருகிறான். "அப்பாவுக்கு" என்கிறான். ஒற்றைச் சிகரெட்டும் வெற்றிலைக் கூறும் அவன் கைக்கு வருகின்றன; கடைக்காரர் பற்று எழுதுகிறார். இதற்குமேல் விளம்பரம் எதற்கு? காம்பராவுக்குள் ஒருவர் விடும் புகையை ஐவர் சுவாசிக்கின்றனர். அச்சிறுவன் பதினைந்து வயதில் தானே பற்றவைத்தால், அவனை மட்டும் கூண்டில் ஏற்றுவது எந்த நீதி?

வெற்றிலையையோ நாம் குற்றமாகவே கருதுவதில்லை. குளிருக்கு இதம் என்று பாட்டியே பேரனுக்கு மடித்துக் கொடுக்கிறாள். புகையிலை மட்டுமன்று, பாக்கும் புற்றுநோய் விளைப்பதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியது. யாழ்ப்பாணப் புகையிலைக்கு இந்நாட்டில் நெடுங்காலப் பெயருண்டு. அங்குள்ள கமக்காரர் என்மீது சினங்கொள்ளலாம். அவருக்கு மாற்றுப் பயிரும் சந்தையும் கேட்டுப் போராடுவதும் நம் கடனே.

இப்பொழுது தூளும் ஐஸும் மாத்திரையும் வந்துவிட்டன. ஐந்து கிராம் ஐஸ் வைத்திருந்தாலே மரண தண்டனையோ ஆயுட்சிறையோ விதிக்க 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் முதற் சிட்டிகையை நீட்டுபவன் பெரும் வியாபாரியல்லன். கொழும்புக் கடையில் வேலை செய்து, புதுச் சட்டையும் கைப்பேசியுமாகத் தீபாவளிக்குத் திரும்பும் அண்ணனாகவோ நண்பனாகவோ அவன் இருப்பான். அவனையும் பாடசாலையிலிருந்து நிறுத்திப் பதினாறு வயதில் பஸ் ஏற்றியவர்கள் நாமல்லவா? மாலையில் விளையாட ஒரு திடலோ, படிக்க ஒரு வாசிகசாலையோ எத்தனை டிவிஷன்களில் இருக்கிறது? தோட்ட நிர்வாகத்திடம் சம்பளத்தோடு இவற்றையும் சேர்த்துக் கேட்டோமா?

இனி நம்மிடமே வருகிறேன். தேர்தற் காலத்தில் லயத்து இஸ்தோப்பிற்குப் போத்தல் கொண்டுவருபவர் யார்? கொடி பிடிக்கும் பையன்களுக்குச் சிகரெட் பங்கிடுபவர் யார்? வாக்குக்காக உண்டியும் குடியும் அளிப்பது 1981ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தற் சட்டத்தின்கீழ் ஊழற் செயல். வென்ற ஆசனமே பறிபோகலாம். இங்கே பலர் தலை குனிவதைக் காண்கிறேன். குனியட்டும்.

வருகிற சந்தாக் கூட்டத்திற்குள் ஒவ்வொரு கமிட்டியும் தன் டிவிஷன் கடைக்காரரைச் சந்தித்து, "அப்பாவுக்கு" என்று வரும் சிறுவனை வெறுங்கையோடு திருப்பியனுப்பும்படி கேட்கவேண்டும். தகப்பன்மார் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், கமிட்டி பதில் சொல்லட்டும். அடுத்த தேர்தலில் நம் சின்னத்தின் பேரால் ஒரு போத்தல் திறக்கப்பட்டாலும், தேர்தல் மனு எழுத எதிர்க்கட்சியார் வேறு வழக்கறிஞரைத் தேட வேண்டியதில்லை.