நான்கு படங்கள், நான்கு ரகம்

2024இல் வெளிவந்த தமிழ்ப் படங்களில் நித்திலன் சாமிநாதனின் ‘மகாராஜா’ பழிவாங்கும் கதை. குப்பைத்தொட்டியைக் காணோம் என்று முடிதிருத்துநர் ஒருவர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கிறார். காலத்தை முன்பின்னாகக் கலைத்துப்போட்டு முடிச்சை அவிழ்க்கும் திரைக்கதை கெட்டிக்காரத்தனமானது. மகளுக்கு நேரும் கொடுமையை இறுதித் திருப்பத்துக்குக் கருவியாக்கியதுதான் உறுத்தல்.

தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படமான ‘லப்பர் பந்து’ கிரிக்கெட் கலகலப்பு. சாதி பார்த்து ஆளெடுக்கும் வழக்கத்தைப் பிரசங்கம் செய்யாமல் காட்டிவிடுகிறது.

பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே கிடையாது. வேறு சாதிக்காரனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, குடும்பமே அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கூட்டிப் போகிறது. பலிச் சேவலும் கூடவே வருகிறது. வழியை ஒரு காளை மறிக்கிறது. மீசை முறுக்கிய ஆண்கள் யாராலும் அதை நகர்த்த முடியவில்லை. ஒரு சிறுமி வந்து சாதாரணமாக ஓட்டிச் செல்கிறாள். மீனாவாக நடிக்கும் அன்னா பென் ஏறக்குறைய பேசுவதே இல்லை. அந்த மௌனத்துக்கு முன்னால் நடிகர் சூரியின் கரகரத்த கத்தல் எடுபடவில்லை. முடிவைப் பார்வையாளரிடமே விட்டது சிலருக்கு ஏமாற்றம். படத்துக்கு அதுவே பலம்.

பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ உறவைப் பேசும் படம். வெளியான பிறகு சில நிமிடங்கள் வெட்டப்பட்டன. இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம்.

நான்கில் மறுபடி பார்க்க வைப்பது ‘கொட்டுக்காளி’தான்.