எடை குறைந்த கணினி, விலை குறைந்த கணினி



2008 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில், மேடையேறிய ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு தபால் உறைக்குள்ளிருந்து மடிக்கணினி ஒன்றை உருவி எடுத்துக் காட்டினார். மேக்புக் ஏர் என்ற அந்தக் கணினியின் எடை 1.36 கிலோ, விலை 1,799 டாலர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 2007 அக்டோபரில், தைவானின் ஏசஸ் நிறுவனம் ஈ பிசி என்ற சின்னஞ்சிறு கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஏழு அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு, உள்ளே லினக்ஸ். எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. விலையோ 400 டாலருக்குள்தான். எடை குறையக் குறைய விலை ஏறும் என்பது அதுவரை மடிக்கணினிச் சந்தையில் எழுதாத சட்டமாக இருந்தது. அதை உடைத்தது இந்தச் சிறிய கணினி.

அதன் வாரிசுகள் இன்று நம் ஊர்க் கடைகளில் முப்பதாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. நான் எழுதுவது அப்படி ஒன்றில்தான். இந்த உரையையும் அதில்தான் தட்டெழுதினேன்.

இவ்வளவு எடை எப்படிக் குறைந்தது? முதல் காரணம் பிராசஸர். பெரிய விளையாட்டுகளுக்காகச் செய்யப்படும் மடிக்கணினிகளில் பிராசஸர் மட்டுமே 45 வாட் வரையும், அதற்கு மேலும் மின்சாரம் இழுக்கும். செலரான் என் 4020 போன்ற சிறிய பிராசஸருக்கு 6 வாட் போதும். சூடு குறைவு என்பதால் பல மாடல்களில் விசிறியே வைப்பதில்லை. விசிறி இல்லாததால் தூசி உள்ளே போவதும் குறைவு, இரைச்சலும் கிடையாது. மைக் முன்னால் உட்கார்ந்து பேசுகிற எங்களைப் போன்றவர்களுக்கு அந்த அமைதி பெரிய வரம்.

ஆனால் சித்திரை, வைகாசி மதிய வெயிலில் இதே கணினி தளர்ந்துவிடும். சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். மெத்தை மேலும் தலையணை மேலும் வைக்காமல் வெறும் மேஜையில் வைத்தாலே பாதிச் சிரமம் தீரும்.

கரண்ட் போகிற நேரத்தில்தான் இதன் அருமை நன்றாகத் தெரியும். உள்ளே இருப்பது சிறிய பேட்டரிதான். செலவும் சிறியதாக இருப்பதால் எழுதுவது, படிப்பது போன்ற வேலைகளில் பல மணி நேரம் தாங்கும். மோடத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அது உடனே அணைந்துவிடும். அதனால் வேண்டிய கோப்புகளை இணையத்தில் மட்டும் வைக்காமல் கணினியிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, பிள்ளைகளுக்குக் கணினி வாங்கப்போகிற பெற்றோர் கவனமாகக் கேட்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

எடையையும் விலையையும் குறைக்க உற்பத்தியாளர்கள் செய்கிற இன்னொரு வேலை உண்டு. ரேமைத் தனியாகச் செருகாமல் மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். மலிவான மாடல்கள் பலவற்றில் சேமிப்பும் அப்படித்தான். எஸ்.எஸ்.டி. இருக்க வேண்டிய இடத்தில், செல்போனில் வருவது போன்ற இஎம்எம்சி என்ற சில்லு போர்டோடு ஒட்டியிருக்கும். நாளைக்கு இடம் போதாவிட்டால் கழற்றி மாற்ற முடியாது. அந்தச் சில்லு செத்துப்போனால் பெரும்பாலும் போர்டையே மாற்றச் சொல்வார்கள். அந்தச் செலவு கணினியின் விலையையே நெருங்கலாம்.

விண்டோஸ் 11 இயங்கக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும் வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். அதை வைத்துக் கணினி ஓடும், ஆனால் நிம்மதியாக வேலை செய்ய முடியாது. ஆன்லைன் வகுப்பு ஒரு பக்கம், பாடத்தின் பிடிஎஃப் ஒரு பக்கம், பிரவுசரில் நாலைந்து பக்கங்கள் என்று பிள்ளை திறந்து வைத்தால் 4 ஜிபி திணறிவிடும். 32 ஜிபி சேமிப்போடு வந்த கணினிகளின் பாடு இன்னும் மோசம். விண்டோஸ் 10-இன் பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் இடம் போதாமல், பென் டிரைவ் செருகச் சொல்லி அது கேட்டு நிற்கும். வாங்கியவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

எனவே கடையில் நிறத்தையும் மெல்லிய உடம்பையும் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். ரேம் எவ்வளவு, பிறகு கூட்ட முடியுமா? சேமிப்பு இஎம்எம்சியா, எஸ்.எஸ்.டி.யா? கூட்ட முடியாது என்றால் வாங்கும்போதே 8 ஜிபி இருப்பதை வாங்குங்கள். அதற்காக நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம், கணினி உழைக்கும் ஆண்டுகளாகத் திரும்பி வரும். வேண்டுமானால் திரையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். மலிவான திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். தனியே உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு அது ஒரு குறையே இல்லை.

பாகங்களைக் கழற்றி மாற்றும் விஷயத்தில் பழைய கனத்த கணினிகளுக்கு ஒரு பெருமை இருக்கிறது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பல வீடுகளுக்கு முதல் கணினி வந்தது. தோளில் மாட்டினால் பாரம்தான். ஆனால் அந்தக் கால மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றைத் திருகாணி கழற்றித் திறக்கலாம், ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடலாம். சென்னை ரிச்சி தெருவிலும் உங்கள் ஊர் சர்வீஸ் கடையிலும் இது அன்றாட வேலை. அலமாரியில் அப்படி ஒன்று கிடந்தால் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய பிராசஸர் உள்ள கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அவற்றில் லுபுண்டு, லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான லினக்ஸ் வகைகளை நிறுவலாம். இரண்டும் இலவசம். லிப்ரே ஆபீஸில் கடிதமும் கணக்கும் எழுதலாம். தமிழ்99 விசைப்பலகையும் லினக்ஸில் உண்டு. உயிர் எழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய் வரிசை பெரும்பாலும் வலக்கைப் பக்கம். விண்டோஸில் பழகிய விரல்கள் அங்கேயும் தடுமாறாமல் தமிழ் எழுதும்.