வலம்புரிச் சங்கு

பூஜைக்கு வலம்புரிச் சங்கு வேண்டுமென்று விரும்புவோர் நம்மவருட் பலர். அதன்பொருட்டுப் பெரும்பொருள் இழந்தோரும் உளர். ஆகலின் அதனைக் குறித்துச் சில சொல்லத் துணிந்தோம்.

சங்கென்பது வெறும் ஓடன்று. அவ்வோட்டைத் தானே சுரந்து கட்டும் நத்தையினத்துப் பிராணி. மன்னார் வளைகுடாவின் மணற்றரையிற் புழுக்களைத் தின்று வாழ்வது. தூத்துக்குடியிற் குளித்தெடுத்தவை பெரும்பாலும் வங்காளஞ் சென்று சுமங்கலிகளின் கைவளையாயின.

சுருள்முனை கீழாக, வாய் நம்மை நோக்கப் பிடித்தால், சாதாரணச் சங்கின் வாய் இடப்புறமிருக்கும், வலம்புரிக்கு வலப்புறம். இது மிக அரிது. ஆயினும் இவ்வொரு குறி போதாது. அமெரிக்காவின் கீழ்க்கரையிலும் மெக்ஸிகோ வளைகுடாவிலும் வேறொரு நத்தையுண்டு. அதற்கு வலப்புற வாயே இயல்பு. அங்கே அது அரிய பொருளுமன்று. அதனையே வலம்புரியென்று இங்கே விற்பாருளர்.

மெய்ச்சங்கின் வாய்க்குள், நடுத்தண்டில், 3 அல்லது 4 மடிப்புகள் வரிசையாய் விரலுக்குத் தட்டுப்படும். அயல்நாட்டு ஓட்டில் அவ்வரிசை இல்லை. விலை பேசுமுன் இதனைப் பார்த்தல் வேண்டும். காதில் வைத்து ஓங்காரங் கேட்கச் சொல்லும் வியாபாரியின் சோதனை வீண். அவ்வோசை எந்தக் குழிந்த ஓட்டிலும், ஏன், வெறுஞ் செம்பிலுங் கேட்கும்.