அடி இறங்கினால் வாய் திறந்து சொல்லுங்கள்

(மகளிர் தினத்தன்று நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)

தலைப்பைச் சொன்னதும் செயலாளர் சார் தயங்கினார். "ஆண்களும் வருவார்களே மேடம்" என்றார். அவர்களும் கேட்கட்டும் என்றுதான் பேசுகிறேன்.

கர்ப்பப்பையைத் தாங்கும் தசைகள் தளர்ந்து அது கீழே வருவதைப் பெரியவர்கள் 'அடி இறங்குவது' என்பார்கள். பல பிரசவங்கள், கனம் தூக்குவது, தீராத இருமல், மலச்சிக்கல், மாதவிலக்கு நின்றபின் வரும் தளர்ச்சி இவையெல்லாம் காரணம். என் பாட்டி துணியை மடித்து இறுகக் கட்டிக்கொண்டே வயலில் வேலை செய்தார்.

இது இன்று நேற்று வந்ததல்ல. ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் இதற்காகப் பெண்ணை ஏணியில் தலைகீழாகக் கட்டி உலுக்கினார்கள். பாதி மாதுளம்பழத்தை உள்ளே வைத்தும் தாங்கினார்கள். சிரிக்க வேண்டாம். அதே வேலையைத்தான் இன்று 'பெசரி' என்னும் சிலிக்கான் வளையம் செய்கிறது. பம்பாயில் டாக்டர் வி.என். ஷிரோத்கர், இளம்பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுக்காமலே பட்டை கொடுத்துத் தூக்கிக் கட்டும் ஆபரேஷனைக் கொண்டுவந்தார். கரு கலையாமல் இருக்கக் கர்ப்பப்பை வாயில் போடும் தையலும் அவர் பெயரில் உள்ளதுதான். 1948-ல் அமெரிக்க டாக்டர் அர்னால்டு கெகல் ஒரு பயிற்சி சொன்னார். சிறுநீரை அடக்குவது போலத் தசையைச் சில விநாடி இறுக்கி, பிறகு தளர்த்த வேண்டும். ஆரம்ப நிலைக்கு நல்லது, செலவும் இல்லை.

இவ்வளவு இருந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சேலையூரில் குடியிருந்தபோது லாரித் தண்ணீரைக் குடம் குடமாக இரண்டாம் மாடிக்குத் தூக்கியவள் நான். ஐம்பத்தாறு வயதில், கீழே உருண்டை ஒன்று இறங்குவது போலிருந்தது. மாலையானால் நிற்க முடியாது. பேங்கில் முதுகுவலி என்று பொய் சொல்லி லீவு போட்டேன். கடன் பாக்கிக்கு வட்டி ஏறுவது தெரிந்த எனக்கு, இது தெரியாமல் மூன்று வருடம் போயிற்று. கடைசியில் மருமகள்தான் பிடிவாதமாக டாக்டரிடம் அழைத்துப் போனாள். வளையம் வைத்தார்கள். மறுவாரமே கோயிலுக்கு நடந்து போனேன்.

கீழே கனமாக இருந்தாலோ, இருமும்போது சிறுநீர் கசிந்தாலோ டாக்டரைப் பாருங்கள். எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. வளையம் வைத்தவர்கள் டாக்டர் சொல்லும் நாளில் போய்ச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். 1844-ல் தொடங்கிய எழும்பூர் தாய்சேய் மருத்துவமனைக்குத் தாம்பரத்திலிருந்து ஒரே மின்சார ரயில்தான்.

ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசலில் வைத்துவிட்டுப் போகும் தண்ணீர் கேனை இனி நீங்கள் தூக்குங்கள்.