இராமன் பெயர் பெற்ற தாடையென்பு
(வாலிபர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விலங்கியல் மாணவன் ஒருவன் இச்சபையில் பேச எழுந்தால், "மனிதன் குரங்கிலிருந்தா வந்தான்?" என்ற கேள்வியே முதலில் எழும் என்பதை நாம் அறிவோம். விடை சுருக்கமானது. கோயில் மதிலில் ஏறித் தேங்காய்ச் சொட்டுக்குக் காத்திருக்கும் குரங்கு நமக்குப் பாட்டனல்ல; ஆபிரிக்கக் காட்டுச் சிம்பன்சியும் பாட்டனல்ல, ஒன்றுவிட்ட சகோதர முறை. இருவர்க்கும் பொதுவான மூதாதை ஏறக்குறைய 60, 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்ததென்று கணிக்கின்றனர். அதிலிருந்து ஒரு கிளை அவர்கள், மறு கிளை நாம். இதுவே கூர்ப்பு.

ஆனால் இன்று நாம் சொல்ல எடுத்துக்கொண்டது, நம் தெய்வங்களின் பெயரைத் தாங்கிய சில என்புகளின் கதை.

இமயத்தின் தென் அடிவாரத்திலே சிவாலிக் என்னும் குன்றுத்தொடர் உண்டு. அங்கு கிடைத்த வாலில்லாக் குரங்கின் உயிர்ச்சுவட்டுக்கு, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த கை பில்கிரிம் என்பார் 1910இல் "சிவாபிதிக்கசு" என்று பெயரிட்டார். பிதிக்கசு என்றால் கிரேக்க மொழியில் குரங்கு. பின்னர் 1932இல், அமெரிக்க யேல் பல்கலைக்கழக மாணவர் எட்வேட் லூயிசு, இன்றைய இமாசலப் பிரதேசத்திலுள்ள அரித்தலியாங்கரில் மேல்தாடைத் துண்டொன்றைக் கண்டெடுத்தார். அதற்கு "இராமாபிதிக்கசு" என்றும், வேறு துண்டுகளுக்குப் "பிரமாபிதிக்கசு", "சுக்கிரீவபிதிக்கசு" என்றும் 1934இல் பெயர் வைத்தார். இராமனுக்கும் சுக்கிரீவனுக்கும் ஒரே கட்டுரையில் இடம் கிடைத்ததைக் கம்பர் அறிந்திருந்தால் புன்னகைத்திருப்பார்.

மனிதக்குரங்கின் பல்வரிசை நம் "ப" என்னும் எழுத்தைப் போன்றது. இரு பக்கக் கன்னப்பற்களும் சமாந்தரமாக நிற்கும். மனிதனுடையதோ வில்லாய் வளைந்திருக்கும். லூயிசு எடுத்த துண்டில் தாடையின் நடுப்பகுதி இல்லை. ஒரு பாதியைக் கொண்டு மறு பாதியை ஊகிக்க வேண்டியிருந்தது. 1961இல் எல்வின் சைமன்சு என்னும் அறிஞர், அது வில் வடிவமே, ஆகவே இதுவே மனித வழியின் தொடக்கம் என்று எழுதினார். டேவிட் பில்பீமும் அவருடன் சேர்ந்துகொண்டார். மனித வழி ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டதென்பது பாடநூல்களில் ஏறியது. இராமாபிதிக்கசு நிமிர்ந்து நடப்பது போலப் படமும் வரைந்தார்கள். ஒரு தொடையென்பு தானும் கையில் இல்லாமல்!

நிமிர்ந்து நடந்ததா என்பதைத் தாடை சொல்லாது. மிசன் பாடசாலை ஆய்வுகூடத்தில் தொங்கிய என்புக்கூட்டின் கீழ் நின்று நாம் முதன்முதற் கற்ற பாடம் அதுவே. மண்டையோட்டின் அடியிலே முண்ணாண் இறங்கும் பெருந்துளை ஒன்று உண்டு. சிம்பன்சியில் அது பின்புறமாக ஒதுங்கியிருக்கும். நமக்கோ நடுவில் அமைந்திருப்பதால் தலை முள்ளந்தண்டின் மேல் குடம் வைத்தாற்போல் நிற்கிறது. முள்ளந்தண்டு இருமுறை வளைந்து உடற்பாரத்தைத் தாங்குகிறது. சிம்பன்சியின் இடுப்பென்பு நீண்டு ஒடுங்கியது. நம்முடையது குறுகி அகன்று சட்டி போல வயிற்றை ஏந்துவது. நம் தொடையென்பு இடுப்பிலிருந்து முழங்காலை நோக்கி உட்சாய்ந்து வருகிறது. ஒற்றைக் காலில் நிற்கும்போது நாம் விழாதிருப்பதற்கு அச்சாய்வும் ஒரு காரணம். கால் பெருவிரலோ கிளையைப் பற்றுவதை விட்டு மற்ற விரல்களோடு வரிசையில் சேர்ந்துவிட்டது. எதியோப்பியாவில் 1974இல் கிடைத்த "லூசி" என்னும் 32 இலட்சம் ஆண்டுப் பழைய என்புக்கூட்டில் இடுப்பும் முழங்காலும் மனிதரை ஒத்திருந்தன, மண்டையோ சிறியது. மூளை பெருத்த பின் மனிதன் எழுந்து நடக்கவில்லை. நடந்த பின்னரே மூளை பெருத்தது.

இராமாபிதிக்கசுக்கு வருவோம். 1967இல் வின்சென்ற் சாரிச், அலன் வில்சன் என்னும் இருவர் இரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் ஆபிரிக்க மனிதக்குரங்குகளும் பிரிந்து ஏறக்குறைய 50 இலட்சம் ஆண்டுகளே ஆயின என்றனர். என்பாராய்ச்சியாளர் பலர் அதை ஏற்க மறுத்தனர். பின்னர் பாகிஸ்தானின் பொத்வார் மேட்டுநிலத்தில் சிவாபிதிக்கசின் முகவென்பு கிடைத்தது. கண்குழியின் வடிவும் மூக்கின் அடித்தளமும் மனிதனைக் காட்டவில்லை. போர்னியோக் காட்டு ஒராங்கு உட்டானையே காட்டின. 1982இல் அதை வெளியிட்டவர் யார்? இராமாபிதிக்கசுக்காக முன்பு வாதாடிய அதே பில்பீம். தாம் எழுதியதை என்பு மறுத்தபோது அவர் என்பின் பக்கம் நின்றார். இக்கதையில் நாம் மிக மதிப்பது இந்த இடத்தையே.

இராமாபிதிக்கசு வேறோர் இனமன்று, சிவாபிதிக்கசே என்று பின்னர் முடிவாயிற்று. பெயரிடும் விதிப்படி முந்திய பெயரே நிலைக்கும். எனவே இராமன் நீங்கச் சிவன் நின்றார். சைவர்களாகிய நாம் இதற்காக அதிகம் மகிழவேண்டியதில்லை. ஆதி மனிதனுக்கு நம் தெய்வத்தின் பெயர் வாய்த்ததென்று பெருமை பேசியவர்களும், அது போயிற்றே என்று வருந்துவோரும் பெயரைப் பார்த்தார்களேயன்றிப் பல்லைப் பார்க்கவில்லை.

நம் நாட்டில் என்ன உண்டு என்று கேட்பீர்கள். இங்கே கிடைத்த பழைய என்புகள் நம்மைப் போன்ற முழு மனிதருடையவை. களுத்துறை மாவட்டத்துப் பாகியன் குகையிலும் இரத்தினபுரி மாவட்டத்துப் பட்டதொம்பக் குகையிலும் கிடைத்தவற்றுள் சில 30,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த போல் தெரணியகல இத்தகையோரைப் "பலாங்கொடை மனிதர்" என்றார். புருவமேடு தடித்தவர்கள், பற்கள் பெரியவர்கள். குரங்கையும் அணிலையும் வேட்டையாடி உண்டார்கள். அக்குரங்கின் என்பைச் சீவிக் கூர்முனைகளும் செய்தார்கள்.

அவர்களுக்கும் முந்திய சுவடு நம் வன்னிப் பெயரையே தாங்கி நிற்கிறது. கண்டி வீதியால் வடக்கே மாங்குளமும் முறிகண்டியும் கடந்தால் வரும் இரணைமடுவை நாம் குளத்துக்காகவே அறிவோம். தொல்லியலார் அறிந்தது அங்குள்ள சரளைப் படையையும் அதன்மேற் படிந்த செம்மணலையும். இத்தகைய படைகளை இலங்கையின் எப்பகுதியிற் கண்டாலும் "இரணைமடுப் படை" என்றே அழைக்கின்றனர். தெற்கே பூந்தலையில் இப்படையிலுள்ள கற்கருவிகளுக்குச் சிரான் தெரணியகல கணித்த வயது ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகள். கையில் அடங்கும் படிகக்கற் சில்லுகள் அவை.  கல் அழியவில்லை. அதைத் தட்டிய கையின் என்பு மட்டும் இன்னும் அகப்படவில்லை.